தோற்றுக்கொண்டே இருக்கும் ஃபுட்டி (ஆஸ்திரேலிய ஃபுட்பால்) அணியில் பையன்களை எப்படி இறக்குவது?

ஆர்டன் ஸ்ட்ரீட்:

நார்த் மெல்பர்ன் ரசிகர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். 2020 முதல் 2025 வரை ஆறு சீசனில் மொத்தம் 20 வெற்றி. 18 அணிகள் இருக்கும் ஏஎஃப்எல் லீக் பட்டியலில் வரிசையாக 17, 18, 18, 17, 17, 16. பையன்களுக்கு வாய்ப்பு தரவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. 2020 முடிந்ததும் ஒரே வீச்சில் 11 பேரை வெளியே அனுப்பினார்கள். அதன்பிறகு ஹார்ன்-ஃபிரான்சிஸ், ஷீஸல், வார்ட்லா, மெக்கெர்ச்சர், டர்ஸ்மா, ஓ'சல்லிவன் என்று ட்ராஃப்டின் (கிளப்புகள் வரிசை முறையில் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுப்பது) முதல் நான்கு இடங்களுக்குள் எடுத்தவர்களில் இந்த ஆறு பேரும் வந்த வருடமே மெயின் டீமில் ஆடிவிட்டார்கள்.

இன்னொரு பக்கம் ஹாத்தார்ன். 2022 முடிவில் டாம் மிட்செல், ஓ'மீரா, கன்ஸ்டன் மூவரையும் வேறு கிளப்புகளுக்கு ட்ரேட் செய்தார்கள். 2023-இல் 7 வெற்றி, 16-ஆவது இடம். 2024-இல் முதல் 5 ஆட்டமும் தோல்வி. அதன்பிறகு ஆடிய 18-இல் 14 வெற்றி, 7-ஆவது இடம், ஃபைனல்ஸில் புல்டாக்ஸை வீட்டுக்கு அனுப்பி, போர்ட் அடிலெய்டிடம் வெறும் 3 பாயின்ட்டில் தோற்றார்கள். அங்கேயும் பையன்கள்தான், இங்கேயும் பையன்கள்தான்.

கேட்க நினைப்பது இவை. 23 பேரில் 50 ஆட்டம் தாண்டாதவர்கள் எத்தனை பேர் வரை தாங்கும்? விஎஃப்எல்லில் (அடுத்த நிலை லீக்) ஆடிக் காட்டிய பிறகு எடுக்க வேண்டுமா, நேராக இறக்கலாமா? முதலில் எந்த இடத்தில் நிறுத்துவது? சரியாக ஆடவில்லை என்றால் எத்தனை ஆட்டம் பொறுப்பது?

"இளைஞர்களை நம்புங்கள்", "பொறுமை வேண்டும்" ரகப் பதில்கள் ரேடியோவில் தினமும் கிடைக்கின்றன. அதைத் தவிர எது வேண்டுமானாலும் எழுதுங்கள்.


வேவர்லி:

எண்தான் வேண்டும் என்றால் என் கணக்கு இது: 23-இல் 50 ஆட்டம் தாண்டாதவர்கள் 9 அல்லது 10 பேர். அதற்குள் 20 ஆட்டம்கூட ஆகாதவர்கள் 4 பேருக்கு மேல் வேண்டாம். ஆனால் இந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு டீம் போட்டால் உதை நிச்சயம். அந்த 4 பேர் எங்கே நிற்கிறார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2019-இலிருந்து 6-6-6 விதி வந்துவிட்டது. மைதானத்தின் நடுவில் பந்து போடும் ஒவ்வொரு தடவையும் முன்னே ஆறு, பின்னே ஆறு, நடுவில் ஆறு என்றுதான் நிற்க வேண்டும். நடுவில் நிற்கும் ஆறில் நாலு பேர் மைதான நடுவில் வரைந்த சதுரத்துக்குள் (மேலே போடும் பந்துக்குக் குதிக்கும் உயரமான ரக் ஒருவர், மூன்று மிட்ஃபீல்டர்), இரண்டு பேர் விங்கில், அதாவது ஓரங்களில். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்து நடுவுக்குத்தான் திரும்பும். அங்கே உங்கள் நாலு பேர் தோற்றால் எதிரணி இரண்டே உதையில் உங்கள் கோலுக்கு முன்னால் இருக்கும் 50 மீட்டர் வளைவுக்குள் வந்துவிடும். பந்து போடும் முன்பே பின்னால் ஓர் ஆளைக் கூடுதலாக நிறுத்தி அடைத்துக்கொள்ள விதி விடாது. 19 வயது டிஃபெண்டர், தன்னைவிட 10 கிலோ கனமான ஃபார்வர்டுடன் தன்னந்தனியாக மல்லுக்கட்டுவான். டிவியில் பார்ப்பவருக்குப் பையன் கோல் விட்டதாகத் தெரியும். கோட்டை விட்டது 80 மீட்டர் தள்ளி, சதுரத்துக்குள்.

எனவே பையன்களை இறக்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை சதுரத்தைச் சரிசெய்வது. ரக் இடத்தில் 20 வயதுக்குக் கீழே யாரையும் நிறுத்தாதீர்கள். அந்த இடத்தில் ஒருவன் முழு ஆளாக நிற்க 22, 23 ஆகிவிடும். மூன்று மிட்ஃபீல்டரில் இரண்டு பேர் 80 ஆட்டம் தாண்டியவர்கள், ஒருவன் பையன். அந்தப் பையனும் முதல் வருடத்தில் நடுவில் மூன்று தடவை பந்து போட்டால் ஒரு தடவை உள்ளே வந்தால் போதும். மீதி நேரம் ஹாஃப்-ஃபார்வர்டிலோ (முன்வரிசைக்கும் நடுவுக்கும் இடையில்) விங்கிலோ நிற்கட்டும்.

ஹாத்தார்ன் 2022 முடிவில் செய்ததை மறுபடி பாருங்கள். வெட்டியது மிட்ஃபீல்டில்தான். பின்வரிசையை அவ்வளவாகத் தொடவில்லை. சிசிலி, ஹார்ட்விக், இம்பி, ஃப்ராஸ்ட் எல்லாரும் இருந்தார்கள். போர்ட் அடிலெய்டிலிருந்து ஏமனை வேறு கொண்டுவந்தார்கள். ஓ'மீரா போன ட்ரேடிலேயே ஃப்ரீமான்டிலிலிருந்து லாயிட் மீக் வந்தார், ரக் இடத்துக்கு வளர்ந்த ஆள். ஆக டே, நியூகம், வார்ட், மெக்கென்சி நடுவில் தப்புச் செய்தாலும் பின்னால் அதைக் கழுவிவிட ஆள் இருந்தது. 2023-இல் 16 தோல்விதான், ஆனால் அந்தத் தோல்விகளில் பையன்கள் எதையோ கற்றுக்கொள்ளும் நிலையில் இருந்தார்கள். அடுத்து 2023 முடிவில் சோல், ஜினிவன், டாம்ப்ரோசியோ. மூன்று பேருமே வேறு கிளப்பில் மெயின் டீம் பார்த்தவர்கள், கிழவர்களும் இல்லை.

நார்த்தில் இது தலைகீழ். கையில் கிடைத்த நல்ல பையன்களில் பாதிக்கு மேல் மிட்ஃபீல்டர்கள். பின்னால் நிலையான ஆட்கள் கிடையாது. டிஃபென்ஸுக்கு என்று கொண்டுவந்த லோக் 2023-இல் முழங்கால் லிகமென்ட் கிழிந்து உட்கார்ந்துவிட்டார். 2024-இல் ஃபார்வர்டான காம்பனைப் பின்னுக்கு மாற்ற வேண்டி வந்தது. அந்த மாற்றம் பலித்தது என்பது வேறு விஷயம். ஒரே வரிசையில் 20 ஆட்டம் ஆகாத இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யார் ஆளைப் பிடிப்பது, யார் குதித்து மூன்றாவது ஆளாகப் பந்தைத் தட்டுவது என்று கத்திச் சொல்ல ஆள் இருக்காது. டிஃபென்ஸ் என்பது பாதி வாயால் ஆடும் ஆட்டம்.


டான்டினாங்:

வேவர்லி சொல்லுறது சரி. அதுக்கு இன்னும் பழைய உதாரணம் ஒண்டு இருக்கு, இங்கை கனபேர் மறந்திட்டினம். மெல்பேர்ண் டீமன்ஸ்.

அவையும் உங்கட நார்த் மாதிரித்தான் பெடியளை நம்பி மூத்த ஆக்களைக் கழட்டி விட்டவை. 2010 முடிவிலை கப்டனா இருந்த ஜேம்ஸ் மக்டொனால்டையே போகச் சொல்லியாச்சு. 2009 ட்ராஃப்ட்டிலை முதலாவது பிக்கும் (தெரிவும்) இரண்டாவது பிக்கும் அவைக்குத்தான்: ஸ்கலி, ட்ரென்கோவ். இதைவிட என்ன வேணும்? 2011 யூலையிலை ஜீலோங்கிட்டை 186 பொயின்ட்ஸ் வித்தியாசத்திலை தோத்தவை, அதோட கோச் டீன் பெய்லியின்ரை வேலையும் போச்சு. அந்த வருசம் முடியவே ஸ்கலி ஜிடபிள்யூஎஸ் கிளப்புக்குப் போயிட்டார். 2012-இலை 20 வயசு ட்ரென்கோவைத் தூக்கிக் கப்டனாக்கினவை, ஜாக் கிரைம்ஸோட சேர்த்து. லீக் வரலாற்றிலேயே ஆக இளைய கப்டன். தன்ரை ஆட்டத்தையே இன்னும் பழகிக்கொண்டிருக்கிற பெடியனிட்டை முழு டீமையும் தூக்கிக் குடுத்தால் என்ன நடக்கும்? 2013-இலை 2 வெற்றி.

பிறகு போல் ரூஸ் வந்தார். அவர் வந்தவுடனை செய்தது பெடியளை வெளியிலை விடுறதில்லை, பெடியளுக்குப் பக்கத்திலை ஆக்களைக் கொண்டுவந்தது. அடிலெய்டிலை இருந்து பேர்னி வின்ஸ், புல்டோக்ஸ் வேண்டாம் எண்டு விட்ட 30 வயசு டானியல் க்ரொஸ், ஜிடபிள்யூஎஸ்ஸிலை இருந்து டொம் டைசன். க்ரொஸ் பெரிய ஸ்டார் இல்லை. ஆனால் ட்ரெய்னிங்கிலை ஒரு ஓட்டத்தைக்கூடக் குறைக்காத மனுசன், அவரோட ஓடுற பெடியனுக்கு அளவு எது எண்டு தெரியவரும். 2013-இலை இருந்து வெற்றிக் கணக்கைப் பாருங்கோ: 2, 4, 7, 10, 12. 2018-இலை பிரிலிமினரி ஃபைனல், 2021-இலை கப். ரூஸ் 2016-ஓட போயிட்டார், அத்திவாரம் அவர் போட்டது.

நார்த்தும் இதைப் பிந்தித்தான் விளங்கிக்கொண்டது. 2024 முடிவிலை லூக் பார்க்கர், கேலப் டானியல், ஜாக் டார்லிங் மூண்டு பேரையும் எடுத்தவை. 3 வெற்றி 5 ஆச்சு, ஒரு ட்ரோவும். பெரிய பாய்ச்சல் இல்லைத்தான். ஆனால் இதை 2021-இலையே செய்திருக்கலாம்.


நார்ட்போர்ட்:

இடம், ஆள் பற்றி மேலே நிறைய வந்துவிட்டது. உடம்பு பற்றி யாரும் பேசவில்லை.

ட்ராஃப்ட் ஆகும் பையனுக்கு 18 வயது. நவம்பரில் எடுக்கிறார்கள், மார்ச்சில் முதல் ஆட்டம். நடுவில் ஒரே ஒரு ப்ரீ-சீசன். அதில் 2, 3 கிலோ தசை ஏறினால் நல்லது, அதற்கு மேல் அவசரமாக ஏற்றினால் ஓட்டம் போய்விடும். அண்டர்-18 கோட்ஸ் டேலன்ட் லீக்கில் ஆடி வந்தவனுக்கு இங்கே ஒரு குவார்ட்டர் 20 நிமிடம், நின்ற நேரமும் சேர்ந்து 30-ஐத் தொடும். மிட்ஃபீல்டர் ஒரு ஆட்டத்தில் 12 முதல் 14 கிலோமீட்டர் ஓடுகிறார். தூரத்தைவிடக் கொல்வது அதில் இருக்கும் அதிவேக ஓட்டம், அதுவும் இடித்துக்கொண்டும் விழுந்து எழுந்தும்.

மூத்தவர்களுக்கு மைதானத்தில் நிற்கும் நேரம் 80 சதவீதம், சிலருக்கு 85. முதல் வருடப் பையனுக்கு முதல் ஆட்டத்தில் 65-70 போதும். இரண்டு, மூன்று ஆட்டம் கழித்து 75. அதற்கு மேல் அந்த வருடம் போகத் தேவையில்லை. பெஞ்சில் இருப்பவரோடு ஆளை மாற்றுவதற்குப் பெயர் ரொட்டேஷன்; 75 தடவைதான் ஒரு அணிக்கு மொத்த அனுமதி, குவார்ட்டருக்கு 18, 19. நாலு பையன்களை 70 சதவீதத்தில் வைத்தால் ரொட்டேஷனில் பெரும்பங்கு அவர்களுக்கே போகும், மூத்த மிட்ஃபீல்டர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே நிற்பார்கள். ஒரே டீமில் 20 ஆட்டம் ஆகாதவர்கள் 7, 8 பேர் இருந்தால் நாலாவது குவார்ட்டரில் எதிரணி 6 கோல் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மனத்திடம் இல்லை என்று கமென்டேட்டர் சொல்வார். காலில் தெம்பு இல்லை என்பதுதான் நிஜம்.

4 முதல் 6 ஆட்டம் தொடர்ந்து ஆடினால் ஒரு வாரம் நிறுத்துங்கள். அவன் ஹாம்ஸ்ட்ரிங்கை (தொடையின் பின்தசை) பிடித்துக்கொண்டு உட்கார்வதற்கு முன்னால். இது தண்டனை இல்லை, திட்டம் என்று திங்கட்கிழமையே சொல்லிவிட வேண்டும். வியாழக்கிழமை டீம் அறிவிப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டால் கழற்றிவிட்டார்கள் என்றுதான் அவன் நினைப்பான். எப்போது நிறுத்துவது என்று கண்டுபிடிக்க கிளப்புகள் வாரா வாரம் செய்யும் சோதனைகள் எளிதானவை: நின்ற இடத்தில் குதிக்கும் உயரம், இரண்டு முழங்காலுக்கு நடுவில் கருவியை வைத்து நெருக்கும் பலம் (இடுப்புக்கவட்டுக்கு), நார்ட்போர்ட் என்ற கருவியில் ஹாம்ஸ்ட்ரிங் பலம், தூக்கம், வலி பற்றிய கேள்விகள். ஒரு எண் இறங்கினால் கவனி, இரண்டு சேர்ந்து இறங்கினால் நிறுத்து.

தசையைவிட எலும்புதான் ஆபத்து. இந்த வயதில் கீழ் முதுகும், பாதத்தின் நடுவிலிருக்கும் நாவிகுலர் எலும்பும் அழுத்த முறிவுக்குப் பேர்போனவை. நாவிகுலரின் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு, சேர நாளாகும். வலியும் ஓர் இடத்தில் குத்தாது, பாதத்தின் மேல்புறம் மந்தமாக வலிக்கும், ஓய்வெடுத்தால் போய்விடும். பையன் டீமிலிருந்து தூக்கிவிடுவார்களோ என்று மறைப்பான். கணுக்காலுக்கு முன்னால், பாதத்தின் மேல் மேட்டில் கட்டைவிரலால் அழுத்தினால் சுரீரென்றால் அன்றைக்கே ஸ்கேன். முறிவு என்று உறுதியானால் காலை ஊன்றாமல் குறைந்தது 6 வாரம் கட்டு, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் திரும்பி வரும் பாதை. டான்டினாங் அண்ணா சொன்ன ட்ரென்கோவின் ஆட்டவாழ்வை முடக்கியது இந்த எலும்புதான்.

1 முதல் 4 வருட ஆட்டக்காரர்கள் நவம்பரில் மூத்தவர்களைவிட முன்னதாகவே பயிற்சிக்குத் திரும்புவது சும்மா இல்லை. அந்த வாரங்களைத் தவறவிட்ட பையனை மார்ச்சில் இறக்க நினைக்காதீர்கள்.


கோபர்க் ரிசர்வ்ஸ்:

விஎஃப்எல் கேள்விக்கு வருகிறேன். "அங்கே ஆடிக் காட்டட்டும், பிறகு எடுக்கலாம்" என்பது கேட்க நியாயமாக இருக்கும். பாதிதான் சரி.

விஎஃப்எல்லில் 30 டிஸ்போசல் (பந்தை உதைத்தோ கையால் தட்டியோ கொடுப்பது) எடுப்பது ஒன்றுமே இல்லை. அங்கே பந்தை எடுத்த பிறகு யோசிக்க ஒரு விநாடி கிடைக்கும், மேலே அது கிடைக்காது. பந்தை எடுக்கும் முன்பே எங்கே கொடுப்பது என்று முடிவு செய்திருக்க வேண்டும். இது கீழே ஆடி வராது. எனவே நான் பார்க்கச் சொல்வது எத்தனை டிஸ்போசல் என்பதை இல்லை. டேக்கிளில் நழுவவிட்ட ஆளை எழுந்து மறுபடி துரத்துகிறானா? பந்து எதிரணிக்குப் போனதும் முதல் ஐந்து காலடியை எந்தப் பக்கம் வைக்கிறான்? நெருக்கடியில் உதைக்கும்போது தன் ஆளுக்கு முன்னே விழுகிறதா, தலைக்கு மேலே போகிறதா? இந்த மூன்றும் மூன்று வாரம் சரியாக இருந்தால் 14 டிஸ்போசல் எடுத்திருந்தாலும் மேலே கொண்டுவாருங்கள். உயரமான டிஃபெண்டர், ஃபார்வர்டு, ரக் ஆகியோருக்கு மட்டும் விஎஃப்எல் நிஜமாகவே பள்ளிக்கூடம். அங்கே 27 வயது முரட்டு ஆட்களோடு உடம்பால் மோதிப் பழகட்டும், ஒரு முழு சீசன் ஆனாலும் பரவாயில்லை.

முதலில் எந்த இடம்? ஹாஃப்-பேக், அதாவது பின்வரிசைக்கும் நடுவுக்கும் இடையில். முகம் முன்னோக்கி இருக்கும், முழு மைதானமும் கண்ணில் படும், பந்தோடு வரும் நேரமும் அதிகம். ஷீஸல் ஜூனியரில் ஃபார்வர்டு. 2023-இல் கோச் கிளார்க்சன் அவரை ஹாஃப்-பேக்கில் நிறுத்தினார். வெஸ்ட் கோஸ்டுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 34 டிஸ்போசல், சீசன் முடிவில் சிறந்த இளம் ஆட்டக்காரருக்கான ரைசிங் ஸ்டார் விருது, கிளப்பின் சிறந்த ஆட்டக்காரருக்கான சிட் பார்க்கர் பதக்கமும். அந்த வருடம் நார்த் தொடர்ந்து 20 ஆட்டம் தோற்ற வருடம் என்பதையும் சேர்த்து நினையுங்கள். ஹாத்தார்னின் வில் டேயும் பின்வரிசையில் ஆரம்பித்துத்தான் 2023-இல் மிட்ஃபீல்டுக்குப் போனார், அந்த வருடமே கிளப்பின் பீட்டர் கிரிமின்ஸ் பதக்கம் வாங்கினார்.

பையன்களைத் தள்ளிவிடும் வழக்கமான இடம் ஹாஃப்-ஃபார்வர்டு. பாதுகாப்பான மூலை என்று நினைக்கிறார்கள். தோற்கும் அணியில் அதைவிடக் கெட்ட இடம் கிடையாது. பந்து அங்கே வரவே வராது. அவன் ஸ்டாப்பேஜ் (ஆட்டம் நின்று நடுவர் மறுபடி பந்து போடும் இடம்) வரை ஏறி, திரும்ப முன்னே ஓடி, மறுபடி பின்னே ஓடி, ஆட்டம் முடியும்போது 8 டிஸ்போசல். சிறிய, வேகமான ஃபார்வர்டு மட்டும் விதிவிலக்கு. அவனுக்கு நெருக்கடி கொடுப்பதுதான் வேலை, அது பந்து வராவிட்டாலும் நடக்கும். அவனை டேக்கிளாலும் துரத்தலாலும் அளவிடுங்கள், கோலால் வேண்டாம்.

2023 முதல் 2025 வரை சப் (மாற்று ஆள்) என்று 23-ஆவது ஆளை ஓரத்தில் உட்கார வைத்தார்கள். தோற்கும் அணிகள் அதில் பையனைப் போட்டுவிட்டு "வாய்ப்புக் கொடுத்தோம்" என்று கணக்குக் காட்டின. ஒரு குவார்ட்டர் ஆடுவான், விஎஃப்எல் ஆட்டமும் போச்சு. மூன்று வாரம் அப்படி உட்கார்ந்தால் ஓட்டத் திறன் கண்ணெதிரே இறங்கும். எமர்ஜென்சி (யாராவது கடைசி நேரத்தில் விலகினால் ஆடுபவர்) என்று பெயர் போட்டு பெர்த்துக்கும் பிரிஸ்பேனுக்கும் கூடவே அழைத்துப்போவதும் அதே கதைதான். அந்த வாரம் எதிலும் ஆடாமல் திரும்புவான். அவனைக் கீழே ஆடவிட்டு, எமர்ஜென்சியாக 28 வயது ஆளைக் கூட்டிப்போங்கள்.

எத்தனை ஆட்டம் பொறுப்பது என்று கேட்டீர்கள். டீமில் எடுத்தால் குறைந்தது 4 ஆட்டம், எடுக்கும் அன்றைக்கே அவனிடம் சொல்லிவிட்டு. இந்த வாரம் உள்ளே, அடுத்த வாரம் வெளியே என்று ஊஞ்சல் ஆட்டினால் தப்பே செய்யாத, ஒன்றுமே செய்யாத ஆட்டம்தான் ஆடுவான். ஓடாதது, துரத்தாதது, சொன்ன இடத்தில் நிற்காதது ஆகியவற்றுக்கு மட்டும் இரண்டாவது ஆட்டத்திலேயே டீமிலிருந்து நீக்கலாம். உதை தவறியதற்கு நீக்காதீர்கள். திங்கட்கிழமை வீடியோவில் நாலு துண்டுக்கு மேல் காட்ட வேண்டாம், அதில் இரண்டு நன்றாகச் செய்தவையாக இருக்கட்டும்.


ஆர்டன் ஸ்ட்ரீட்:

எல்லாருக்கும் நன்றி. ரேடியோவில் கேட்டதெல்லாம் "எத்தனை பேர்" என்ற சண்டைதான், வரிசைப்படி யாரும் பிரித்துச் சொன்னதில்லை.

இரண்டு தொடர்கேள்விகள். ஒன்று, ஆட்டத்துக்கு நடுவிலேயே சரியத் தொடங்கினால்? இரண்டாவது குவார்ட்டரில் வரிசையாக 4 கோல் வாங்கிவிட்டோம். பையன்களை பெஞ்சுக்கு இழுப்பதா, விட்டுவிடுவதா? இன்னொன்று, கோபர்க் சொன்ன 4 ஆட்டக் கணக்குக்கு வேவர்லி ஒத்துக்கொள்கிறாரா? டே, நியூகம் போன்றவர்களை ஹாத்தார்ன் அந்த மாதிரி எண்ணி எண்ணியா ஆடவைத்தது?


வேவர்லி:

முதலில் இரண்டாவது கேள்வி. 4 என்பது தரை, கூரை இல்லை. அடி வாங்கும் அணியில் நல்ல பையனை 8, 10 ஆட்டம்கூடத் தொடர்ந்து விடலாம், நார்ட்போர்ட் சொன்ன எண்கள் இறங்காத வரை. கோபர்க்கோடு நான் முரண்படுவது இன்னோர் இடத்தில். விஎஃப்எல் பற்றி அவர் சொன்னது ட்ராஃப்டில் முன்னால் எடுத்தவர்களுக்குப் பொருந்தும். நியூகம் 2021 சீசனின் நடுவில் நடந்த ட்ராஃப்டில் வந்தவர். அப்படி வருகிறவர்கள் ஏற்கெனவே விஎஃப்எல்லிலோ மாநில லீக்கிலோ பெரியவர்களோடு மோதித் தங்களை நிரூபித்தவர்கள், உடம்பும் தயார். தோற்கும் அணிக்கு அடுத்த நவம்பர் வரை காத்திருக்காமல் கிடைக்கும் ஆட்கள் இவர்கள்தான். முதல் ஐந்து பிக்கைப் பற்றி இரண்டு வருடம் பேசுகிறவர்கள் மிட்-சீசன் ட்ராஃப்ட் நடந்ததைக்கூடக் கவனிப்பதில்லை.

சரிவு பற்றி: இரண்டாவது கோல் விழுந்ததுமே வேலை ஆரம்பிக்க வேண்டும், நாலாவது வரை காத்திருந்தால் தாமதம். சதுரத்துக்குள் இருக்கும் பையனை ஹாஃப்-ஃபார்வர்டுக்கு அனுப்பி, அவன் இடத்தில் கனமான மூத்த மிட்ஃபீல்டரை நிறுத்துங்கள். கோலுக்குப் பிந்தைய இடைவெளியில் இடம் மாறிக்கொண்டால் ரொட்டேஷன் செலவாகாது. அடுத்து நடுவில் பந்து போடும்போது ஜெயிப்பது லட்சியம் இல்லை, பந்தைத் தரையிலேயே நசுக்கி ஸ்டாப்பேஜாக மாற்றுவது. நடுவர் பந்தைப் போட்டதும் 6-6-6 கட்டுப்பாடு முடிந்துவிடும். அந்த நொடியில் விங்கர் ஒருவர் பின்னால் ஓடி டிஃபென்ஸுக்கு முன்னால் கூடுதல் ஆளாக நிற்கலாம். பந்து கையில் கிடைத்தால் பின்னும் பக்கமுமாக உதைத்து, மார்க் (உதைத்த பந்தைத் தரையில் விழாமல் பிடிப்பது) பிடித்து, ஒரு நிமிடத்தை விழுங்குங்கள். ஸ்டாண்டில் கூச்சல் கேட்கும், கேட்கட்டும்.

அடி வாங்கும் டிஃபெண்டர் பையனை மட்டும் பெஞ்சுக்கு இழுக்காதீர்கள். அவனை இழுத்தால் அவனால்தான் கோல் விழுந்தது என்று 40,000 பேருக்கு அறிவித்ததாகிவிடும். ஆளை மாற்றிக் கொடுங்கள்: மூத்த டிஃபெண்டர் அந்தப் பெரிய ஃபார்வர்டை எடுத்துக்கொள்ளட்டும், பையன் இரண்டாவது ஆளுக்குப் போகட்டும். அதற்குத்தான் பின்வரிசையில் 100 ஆட்டம் ஆடியவர் ஒருவராவது வேண்டும் என்று தொண்டை வற்றச் சொல்கிறேன்.

ரிச்மண்டைக் கவனித்துக்கொண்டிருங்கள். 2024 முடிவில் ரியோலி, பேக்கர், போல்டன் மூவரையும் ட்ரேட் செய்து, அந்த ட்ராஃப்டில் முதல் 24-க்குள் ஆறு பேரை எடுத்தார்கள், முதல் பிக்கான லேலர் உட்பட. ஆனால் நான்கெர்விஸ், விளாஸ்டுயின், பிராட், லிஞ்ச் எல்லாரையும் வைத்துக்கொண்டார்கள். 2025 முதல் ஆட்டத்தில் கார்ல்டனை 13 பாயின்ட்டில் சாய்த்தார்கள். மொத்தம் 5 வெற்றி, 17-ஆவது இடம். விளாஸ்டுயினும் பிராடும் போகும் வருடம்தான் அவர்களுக்கு நிஜமான பரீட்சை.


டான்டினாங்:

ஒண்டு விட்டுப்போச்சு. ஹார்ன்-ஃபிரான்சிஸ். 2021-இலை முதலாவது பிக், 2022-இலை விளையாடினவர், அந்த வருசம் முடிய போர்ட் அடிலெய்டுக்குப் போயிட்டார். அடிலெய்ட் பெடியன், ஊருக்குத் திரும்பினார். அந்த ட்ரேடிலை கிடைச்ச பிக்குகளாலைதான் ஷீஸலும் வார்ட்லாவும் வந்தவை எண்டபடியால் நார்த் தப்பிச்சுது. எல்லாத் தடவையும் அப்பிடி நடக்காது.

வேற மாநிலத்துப் பெடியனை எடுத்தால் அவனுக்கு விளையாட்டிலை வாய்ப்புக் குடுக்கிறது பாதி வேலைதான். கிளப்புகள் முதல் வருசம் ஒரு குடும்பத்தோடை தங்க வைக்கிறவை, அது நல்லது. பிழைக்கிறது இரண்டாவது வருசம். தனி வீடு எடுத்து, அதே வயசுப் பெடியள் மூண்டு பேர் ஒண்டா இருப்பினம். சனிக்கிழமை 70 பொயின்ட்ஸிலை தோத்திட்டு வந்து நாலு பேரும் ஒரே சோபாவிலை இருந்து போனிலை திட்டு வாசிச்சுக்கொண்டிருப்பினம். அந்த வீட்டிலை 25, 26 வயசு ஆள் ஒருத்தர் இருக்க வேணும், அல்லது நடந்துபோற தூரத்திலையாவது. வீட்டுக்குப் போய்வர எந்த வாரம் விடலாம் எண்டு ஃபிக்ஸர் (ஆட்ட அட்டவணை) வந்தவுடனையே குறிச்சு வையுங்கோ. ஆட்டம் இல்லாத பை வாரம் ஒண்டு, அதோட அடிலெய்டிலையோ பெர்த்திலையோ ஆட்டம் வாற வாரம். ஆட்டம் முடிய டீமோட பிளேன் ஏத்தாமல் இரண்டு நாள் அங்கையே விட்டிட்டு வாங்கோ, செவ்வாய்க்கிழமை ட்ரெய்னிங்குக்கு வந்தால் காணும். நார்ட்போர்ட் தம்பி சொன்ன அந்த ஓய்வு வாரத்தையும் இதோட பொருத்தினால் இரண்டு வேலை ஒண்டா முடியும்.